சீக்காளி ரொட்டி

83 டிசம்பர் 4, ஞாயிறு

பனி. வெள்ளாற்றுப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மூக்கடைப்பு. தோஹாவில் ஆறு வருஷம் பேக்கரி அடுப்பின் முன்னால் நின்றவனுக்கு சொந்த ஊர்க் குளிர் தாங்கவில்லை. மப்ளர் தேடினேன், அகப்படவில்லை. என் வீட்டுக்காரி நூரைக் கேட்காமல் இந்த வீட்டில் ஒரு ஊசிகூட எடுக்க முடியாது. கேட்டால் "அதான் அங்க இருக்குல்ல" என்பாள். எங்கே என்று சொல்ல மாட்டாள்.

இன்றைய வேலை: பெரம்பலூர் போய் நம்ம பேக்கரிக்கு அடுப்பு கட்டுவதைப் பார்ப்பது. விறகுக்காரனுக்குச் சொல்வது. தகரப் பலகைக்கு எழுதக் கொடுப்பது.

லப்பைகுடிக்காடு பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒவ்வொருவருக்கும் அதே கேள்வி. "எப்ப பயணம்?" ஆகஸ்டில் வந்து இறங்கிய மறுநாளே ஆரம்பித்தது. என்னமோ நான் இந்த ஊருக்கு விருந்தாளி மாதிரி. பெட்டிக்கடை மஜீத் மாமா மட்டும் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "இன்னும் போவலியா?"

போகவில்லை. இனியும் போவதாக இல்லை. இதை இங்கே எழுதுகிறேன், வாயால் சொல்ல தைரியம் வரவில்லை. நூரிடம் மட்டும் போன மாதம் சொன்னேன். "அப்படியா" என்றாள். அரிசி களையப் போய்விட்டாள். அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி முதல் வாரத்துக்குள் திரும்பினால் விசா செல்லும். அதற்கப்புறம் கதவு சாத்தியது சாத்தியதுதான். அதற்குள் பேக்கரி ஓடணும். ஓடாவிட்டால் என்ன என்று யோசிக்கக் கூடாது.

ரஞ்சன்குடிக் கோட்டையே பனியில் காணோம். வாலிகண்டபுரம் தாண்டித்தான் வெயில். பஸ்ஸில் கண்ணாடி உடைந்த ஜன்னலோரம் எனக்கு.

டிசம்பர் 6, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

கொத்தனார் வரவில்லை. பங்காளி வீட்டில் சாவாம். நேற்று மச்சினன் வீட்டில் காது குத்து. நாளைக்கு என்னவோ.

ரொட்டி டின்கள் மதராஸிலிருந்து லாரியில் வரவேண்டியது, பெரம்பலூருக்குப் பதில் அரியலூரில் இறங்கிக் கிடக்கிறதாம். போனேன். நூரைப் பெற்ற மாமி வீடு அரியலூரில்தான், ஆனால் அங்கே போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள், பொழுது போய்விடும். ஒளிந்து ஒளிந்து லாரி ஆபீசுக்குப் போய் ஒளிந்து ஒளிந்து வந்தேன். சாக்கில் கட்டிய டின்களோடு பஸ் ஏற, கண்டக்டர், "என்னங்க பாய், தகரக் கடையா?" பேரளி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். ரோடெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் சாக்கு ஒரு தாளம் போட்டது. பஸ்ஸே திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ரெண்டு டின் நசுங்கிவிட்டன.

வேலைக்கு ஆள் கிடைத்தாயிற்று: செல்வராஜ். புரோட்டா மாஸ்டராக இருந்தவன். கை நல்ல கை. ஆனால் மாவைக் கண்டால் வீசத்தான் தோன்றுகிறது அவனுக்கு. "வீசாதே அப்பா, இது ரொட்டி" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

டிசம்பர் 10, சனி

குளிரோ குளிர். கொத்தனார் ஒருவழியாக வந்து அடுப்பை முடித்துவிட்டார்.

மாவு பொங்கவில்லை. மைதா, உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் அங்கே போட்ட அதே அளவு. அங்கே கண்ணுக்கு முன்னாலேயே எழும்பும். இங்கே போட்டது போட்ட மாதிரி குந்தியிருக்கிறது. செல்வராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல நாலு புரோட்டா போட்டுட்டா வீணாவாதுங்க" என்றான். நல்லவேளை, என் கையில் கரண்டி இல்லை.

பிறகுதான் புரிந்தது. தோஹாவிலும் ஜனவரியில் குளிரும். ஆனால் அந்த அறையில் அடுப்பு அணைந்ததே கிடையாது, சுவரே சூடாக இருக்கும். இங்கே புது அடுப்பு, புதுச் சுவர், ஓட்டுக்கூரை. மாவுக்கு வெதுவெதுப்பு வேண்டும். போர்த்தணும்.

வீட்டுக்கு வந்து, ஐந்து வருஷம் முன்னால் லீவில் வந்தபோது நான் கொண்டுவந்த கம்பளியை எடுத்தேன். புலிப்படம் போட்டது. நூர் பெட்டியில் ரசகற்பூரம் போட்டு வைத்திருந்தாள்.

"அத எதுக்கு எடுக்குறீங்க?"

"மாவுக்குப் போத்த."

அப்படி ஒரு பார்வை. "மாவுக்கா? விருந்தாளுங்க வந்தா போத்தறதுக்குன்னு அந்தக் கம்பளிய நான் தொட்டதுகூட இல்ல. அம்மாவுக்குக் குளிரடிச்சப்பகூட பழைய சேலையத்தான் போத்துனேன்."

"அம்மாவுக்கே போத்தியிருக்கலாமே?"

"அப்ப நீங்க இருந்து சொல்லியிருக்கணும்."

எதைத் தொட்டாலும் இங்கே வந்து நிற்கிறது பேச்சு. என்னைப் பெற்ற அத்தா மவுத்தான தந்தி என் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பாத்திஹாவும் ஓதிவிட்டார்கள். எல்லாம் இவள்தான் நின்று பார்த்தாள். இனிமேல் அப்படி ஆகக் கூடாது என்றுதானே வந்தேன்? அதைச் சொன்னால் என்ன? சொல்ல வரவில்லை. கம்பளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

டிசம்பர் 12, திங்கள்

பொங்கியது! புலிக்கு அடியில் மாவு தொம்மென்று எழும்பி நின்றது. செல்வராஜே வாயைப் பிளந்தான். முந்திரி விறகு நன்றாக எரிகிறது, புகை குறைவு. முதல் ஈடு அடி கருகல். ரெண்டாவது ஈடு பரவாயில்லை. மூன்றாவது, சொன்னால் நம்ப மாட்டார்கள், மேலே தேன் நிறம், உள்ளே பஞ்சு. தட்டினால் உள்ளே காலியான சத்தம் வரணும். வந்தது.

ஒரு முழு ரொட்டியை நின்றுகொண்டே பிய்த்துத் தின்றேன். வந்து இறங்கியதிலிருந்து இப்படி ஒரு சந்தோஷம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நாளைக்கு அரியலூரில் விசேஷம். கொழுந்தியாள் ஜரினாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்து மாமி வீட்டில் சாப்பாடு. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். கை வீசிக்கொண்டு போகாமல் என் கையால் போட்ட ரொட்டியோடு போகப் போகிறேன். விடியற்காலை ஈடு, சுடச்சுட.

டிசம்பர் 13, செவ்வாய்

எங்கிருந்து ஆரம்பிப்பது. சரி, வரிசையாகவே எழுதுகிறேன்.

பெரம்பலூரில் பஸ் ஏறினேன். வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு கூடை ரொட்டி. வாசனை பஸ் முழுக்க. சரியான கூட்டம். ஒரு பெரியவர் என்னையும் கூடையையும் பார்த்தார், உடனே எழுந்துவிட்டார்.

"உக்காருங்க பாய். எல்லாம் சரியாப் போவும். கவலப்படாதீங்க."

கண்டக்டர் வந்தார். "ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்குங்களா?"

"இல்லை, பெரிய கடைவீதி."

"வூட்டுக்கே கூட்டியாந்துட்டாங்களா? அதுவும் நல்லதுதான்."

பக்கத்தில் இருந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். நான் என்ன நினைத்தேன்? நம்ம ஜனங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு, அங்கே இந்த மாதிரி யார் இடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். மடையன். வடிகட்டிய மடையன்.

மாமி வீட்டு வாசலில் நுழைந்ததும் பேச்சு நின்றது. நூரும் பிள்ளையும் முதல் நாளே வந்துவிட்டார்கள். நூர் என் கையைப் பார்த்தாள், அவள் முகம் செத்துப்போனது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க மருமவனே. இது என்ன, யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு ரொட்டியத் தூக்கிட்டு வந்துருக்கீங்க?"

"நம்ம பேக்கரி ரொட்டி மாமி. விடியக்காலை ஈடு. ஜரினாவுக்கு..."

அந்தப் பேரைச் சொன்னதுதான் தப்பு. சம்பந்தி வீட்டு அம்மாள் "யா அல்லாஹ்" என்று மார்பில் கை வைத்தார். இன்னொருத்தி, "புள்ளத்தாச்சிக்கு யாராச்சும் சீக்காளி ரொட்டி கொண்டாருவாங்களா? நல்ல நாளும் அதுவுமா" என்று என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள். ஜரினா அழ ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் கொண்டுவந்த அல்வாவும் பூந்தியும் நடுவீட்டில். என் கூடையைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், கோழிக்கூண்டின் மேல்.

ஒருவரும் ஒரு துண்டு பிய்க்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில் நூர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

டிசம்பர் 14, புதன்

கடைக்குப் போகவில்லை. தலைவலி.

நூர் வெடித்தாள். நேற்றே வெடித்திருந்தால் தேவலை.

"உங்களுக்கு இந்த ஊரு மறந்து போச்சாங்க? ரொட்டிய இங்க யாரு திங்கிறாங்க? காய்ச்சக்காரன், ஆப்ரேசன் பண்ணவன், வயித்தால போறவன். பாலத் தொட்டுக் குடுப்பாங்க. நீங்களே டைபாய்டுல படுத்தப்ப தின்னதத் தவிர இந்த ஊருல என்னிக்குத் தின்னுருக்கீங்க?"

உண்மைதான். டைபாய்டு வந்தபோது அத்தா தொழுதூர் போய் வாங்கி வருவார். பால், ரொட்டி. அது முடிந்ததும் கண்ணால் பார்த்ததில்லை. எப்படி மறந்தேன்? அங்கே மூன்று வேளையும் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஜனத்தைப் பார்த்துப் பார்த்து, உலகமே அப்படித்தான் என்று ஆகிவிட்டது புத்தி. அடுப்பு கட்டுமுன் ஒருத்தரிடம், ஒரே ஒருத்தரிடம் கேட்டிருக்கலாம். என்ன போடுகிறேன் என்று நானும் செல்வராஜைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பேக்கரி என்றதும் எல்லோரும் பிஸ்கட், மிக்சர் என்று நினைத்துக்கொண்டார்களாம், நூர் உட்பட.

"நீயாவது ஒரு துண்டு தின்னு பாரேன்" என்றேன்.

"எனக்கென்ன கேடு, ரொட்டி திங்க?"

மகள் பாத்திமாவிடம் நீட்டினேன். நாலு வயசு, அதற்கும் தெரிந்திருக்கிறது. "எனக்குக் காச்ச இல்லத்தா" என்று ஓடிவிட்டது.

இந்த ஊரின் மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. அப்புறம் என் மேல்.

டிசம்பர் 17, சனி

தூறல். துணி காயவில்லை.

பெரம்பலூரில் டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் ஒரே பாட்டு. "பன்னு இருக்கா பாய்? பொறை இருக்கா? வறுக்கி? ரொட்டியா, அது மெடிக்கல் கடையில குடுங்க." ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார், "டீக்கடையில ரொட்டிய மாட்டுனா, டீ சாப்புட்டுத்தான் சீக்கு வந்துச்சுன்னு சொல்லிருவாங்க."

செல்வராஜ்: "சார், பன்னே போட்டுரலாம் சார்."

மாட்டேன். பன் எவன் வேண்டுமானாலும் போடுவான். நான் கற்றது ரொட்டி. கை வெந்து, புருவம் கருகிக் கற்றது. அந்த அர்பாப், தோஹா முதலாளி, ஒரு நாள்கூட வாயைத் திறந்து நல்லது என்றதில்லை, ஆனால் அவர் வீட்டுக்குப் போகும் ரொட்டியை மட்டும் "அப்பாஸ் போடணும்" என்பார். இங்கே வந்து பன் போடுவதா?

பன் போட்டால் என்ன? ஒன்றுமில்லை. வீம்புதான். தெரிகிறது.

டிசம்பர் 20, செவ்வாய்

வரதராஜன்பேட்டை போய் வந்தேன். கிறிஸ்துமஸ் வருகிறது, அங்கே நிறைய வேதக்காரர்கள், ரொட்டி போகும் என்று யாரோ சொன்னார்கள். அரியலூர், ஜெயங்கொண்டம், அப்புறம் இன்னொரு பஸ். அந்த பஸ் வழியில் படுத்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். முந்திரிக் காட்டு வாசனை, செம்மண் சேறு. செருப்பு அறுந்தது.

தெருவெல்லாம் காகித நட்சத்திரம். பார்க்க நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மளிகைக்கடைக்காரர் தங்கமான மனுஷன், உட்கார வைத்து டீ கொடுத்தார். ரொட்டியை முகர்ந்து பார்த்தார், அழுத்திப் பார்த்தார்.

"நல்லாருக்கு பாய். கேக்கு போடுவீங்களா?"

"ரொட்டிதாங்க."

"மேல பூவெல்லாம் வெச்சு? ரோஸ் கலர்ல?"

"ரொட்டி மட்டுந்தாங்க."

"ரொட்டி எதுக்குங்க பண்டிகையன்னிக்கு?" என்று வருத்தமாகக் கேட்டார். நான் ஏதோ அவரைத் துக்கத்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

அறுந்த செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். நூர் ஒன்றும் கேட்கவில்லை, வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கேட்டிருந்தால் கத்தியிருப்பேன்.

டிசம்பர் 23, வெள்ளி

ஜும்ஆ முடிந்து எழுதுகிறேன்.

நேற்று நடந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரி வாசலில் சாத்துக்குடி விற்கிற ராசாத்தி அக்கா, கடைக்கே வந்து நின்றது. இடுப்பில் கை.

"நீங்கதான் ரொட்டி போடுற பாயா? போட்டத என்ன பண்ணுறீங்க?"

"மாட்டுக்குப் போகுது" என்றேன். உண்மை அதுதான். பக்கத்து வீட்டு எருமை நன்றாகத் தேறிவிட்டது.

"அட பாவமே. எனக்குக் குடுங்க. சாத்துக்குடி வாங்குறவங்க எல்லாம் 'ரொட்டி எங்க கெடைக்கும்'னு கேட்டு என் உசுர எடுக்குறாங்க."

கொடுத்தேன். வெயில் ஏறுவதற்குள் வெறும் கூடையோடு வந்து நின்றது. "நாளைக்கு இன்னும் போடுங்க. பஞ்சு மாரி இருக்குன்னு ஒரு கெழவி அழுதுருச்சு பாய். பல்லு இல்ல அதுக்கு."

முதன்முதலாக விற்றது. செல்வராஜ் குதிக்கிறான். எனக்கு? ஆத்திரம்தான் வருகிறது. என் ரொட்டி ஆஸ்பத்திரி வாசலில் சாத்துக்குடிக்குப் பக்கத்தில். அந்தப் பல்லில்லாத கிழவிக்காகக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம்தான்.

டிசம்பர் 28, புதன்

பனி அதிகம். வீட்டுக்கு வீடு இருமல். ஊரெல்லாம் காய்ச்சல்.

ரொட்டி பிய்த்துக்கொண்டு போகிறது. ரெண்டு ஈடு போதவில்லை. ராசாத்தி அக்கா சொல்கிறது, "சனத்துக்குக் காய்ச்ச இருக்குற வரைக்கும் உங்க யாவாரத்துக்குக் கொறச்ச இல்ல." இன்று காலை பஸ்ஸில் ஒருத்தர் தொடர்ந்து இருமியதும் என் மனசு "பரவாயில்லை" என்றது. சீ. என்ன பிழைப்பு இது.

வியாபாரம் வியாபாரம்தானே என்று நினைத்தால் முடிந்தது. நினைக்க முடியவில்லை. பங்குனி வந்தால் பனி போகும், காய்ச்சல் போகும். அப்புறம் எருமைதான்.

மாலையில் ஜமால் மச்சான் வந்தார், நூரின் அண்ணன். தோஹாவில் டிரைவர், லீவில் வந்திருக்கிறார், ஜனவரி கடைசியில் திரும்புகிறார்.

"மச்சான், கடைய செல்வராஜ் பாத்துக்கட்டும். நீங்க என்கூட வந்துருங்க. திருச்சியில ரெண்டு சீட்டா போட்டுருவோம். அங்க உங்க ரொட்டிக்கு வரிசையில நிக்கிறான். இங்க குளுகோசுக்குப் பக்கத்துல நிக்கிறீங்க."

சுருக்கென்றது. அம்மா உள்ளேயிருந்து, "சொல்லு ஜமாலு, நல்லாச் சொல்லு" என்றார்கள். அம்மாவுக்கு நான் இங்கே இருப்பதில் ஆசை இல்லையா? இருக்கிறது. ஆனால் வெளிநாடு திரும்பாத சபராளியின் அம்மா என்று நாலு பேர் கேட்பதில் அவமானம்.

நூர் டீ கொண்டுவந்து வைத்தாள். போகாதே என்று சொன்னால்தான் என்ன? ஒரு வார்த்தை.

84 ஜனவரி 2, திங்கள்

புது வருஷம். டைரி புதிது வாங்கவில்லை, பழையதிலேயே பின்னால் எழுதுகிறேன்.

இன்று நானே கேட்டுவிட்டேன். "நான் போகட்டுமா, இருக்கட்டுமா? நீதான் சொல்லேன்."

நூர் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "போனீங்கன்னா நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. இருந்தாலும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ரெண்டுக்கும் பழகுனவதான். இந்த மாதிரி ஒரு கால வாசலுக்கு உள்ளயும் ஒரு கால வெளியயும் வெச்சுக்கிட்டு நிக்காதீங்க. நாங்க எந்தப் பக்கமும் போவ முடியல."

"உனக்கு ஆசையில்லையா நான் இருக்கணும்னு?"

"ஆச இருந்து என்னங்க பண்றது" என்றாள். சடையை இறுக்கினாள், பிள்ளை "ஆ" என்றது.

அவ்வளவுதான் பதில். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பாஸ்போர்ட்டை எடுத்து ஜமால் மச்சானிடம் கொடுத்துவிட்டேன். 11ஆம் தேதி திருச்சி போய் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போடுவதாகப் பேச்சு. முடிந்தது. செல்வராஜ் இனி பன்னே போடட்டும்.

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ஆற்றுப் பக்கம் போய் நின்றேன். அழுகை வந்தது. யாராவது பார்த்தால் சளி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 6, வெள்ளி

பாத்திமாவுக்குக் காய்ச்சல். உடம்பு கொதிக்கிறது. பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஓதி ஊதிக்கொண்டு வந்தேன், அப்புறம் டாக்டர். ஊசி, மாத்திரை, ரெண்டு நாளைக்கு லேசான ஆகாரம். ரொட்டி கொடுக்கலாம் என்றார். சொல்லாமலா இருப்பார்.

அம்மா பதற்றத்தில் என்னிடமே, "அப்பாஸு, ஓடிப்போயி தொழுதூருல ரொட்டி வாங்கியாப்பா" என்றார்கள். ஒரு நிமிஷம் எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். நூர் சிரித்துவிட்டாள். காய்ச்சல் வீட்டில் அவளால் அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் வந்ததிலிருந்து பார்க்கவில்லை.

நூர்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள். நான் தள்ளி நின்றேன். எனக்கு எப்படி ஊட்டுவது என்று தெரியாது. இவள் தனியாக எத்தனை தடவை இப்படி உட்கார்ந்திருப்பாள்.

ஜனவரி 8, ஞாயிறு

காய்ச்சல் விட்டது. வேர்த்து, குளிர்ந்து, தூங்கி எழுந்து சண்டை போடுகிறது. நிம்மதி.

கடைக்குப் போனேன். அடுப்படி வெதுவெதுப்பு, வெளியே பனி. செல்வராஜ் மாவை வீசாமல் பிசைகிறான் இப்போது. "நீங்க போனப்புறம் நான் கெடுத்துருவேன்னு பயமா இருக்கு சார்" என்றான். கெடுத்தால் கெடு என்றேன். எரிச்சல். பாவம், அவன் என்ன செய்தான்.

ஜனவரி 10, செவ்வாய்

கடையில் ராசாத்தி அக்காவிடம் சொன்னேன், நான் போகிறேன் என்று. "போங்க போங்க, எல்லா பாயும் போறதுதான" என்றது. சாத்துக்குடி ஒன்றை என் சட்டைப் பையில் திணித்தது, பிள்ளைக்காம்.

பெட்டி எடுத்து வைக்க ஆரம்பிக்கவில்லை. நூர் என் சட்டைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறாள், சொல்லாமலே. கொடியில் அவை தொங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜனவரி 11, புதன்

பனி. காலை முதல் பஸ்ஸில் ஜமால் மச்சான் வருவார், திருச்சி போகணும். சட்டை மாட்டிக்கொண்டு டீக்காக உட்கார்ந்திருந்தேன்.

பாத்திமா எழுந்து வந்தது. என் பக்கத்தில் நின்றது. "அத்தா, ரொட்டி."

நூர் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். கழுத்தில் கை வைத்தாள், நெற்றியில், வயிற்றில், திரும்பவும் கழுத்தில். "காய்ச்ச இல்லியே" என்றாள்.

"காச்ச இல்லம்மா. ரொட்டி."

நேற்றைய ரொட்டி ஒன்று துணியில் இருந்தது. வெட்டிக் கொடுத்தேன். பால் வேண்டாமாம், வெறுமனே தின்றது, கையில் ஒன்று, வாயில் ஒன்று. இன்னொன்று கேட்டது. வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. எதிர்வீட்டில் கேட்டார்கள், "என்ன பாத்திமா, திரும்பவும் ஒடம்பு சரியில்லியா?" "நல்லாருக்கேனே" என்றது, வாய் நிறைய.

நூர் நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் என் எதிரில் உட்கார்ந்தாள். நான் இருக்கும்போது அவள் இப்படி உட்கார்ந்து டீ குடித்ததில்லை. ஒரு துண்டை எடுத்து என் டீயில் நனைத்து வாயில் வைத்தாள். மென்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.

"இதத்தானா ஆறு வருஷமா அங்க போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாம்."

"இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

"நான்தான் அன்னிக்கே தின்னு பாருன்னு சொன்னேனே. என்ன கேடுன்னு கேட்ட."

"அது கோவத்துல சொன்னது." துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க போனதுலேருந்து ஒரு நாள்கூட நான் படுத்ததில்ல. காய்ச்ச வந்துச்சு. வராம என்ன. பிள்ளைக்குப் பாக்கணும், அத்தாவுக்குப் பாக்கணும், அம்மாவுக்குப் பாக்கணும். நான் படுத்தா யாரு பாக்குறது? எனக்கு ரொட்டி வாங்கியாற ஆளு எங்க இருந்துச்சு?"

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. ஜமால் மச்சான் வாசலில் நின்று கூப்பிட்டார், "மச்சான், கெளம்பலியா? பஸ்ஸு போயிரும்."

நான் எழுந்திருக்கவில்லை, நூருக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன்.